கேக் குறிப்பின் மறுபக்கம்

மகன், போன ஞாயிறு பங்கு மண்டபத்தில் நீ பேசியபோது நான் பின்னால் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டும் இருந்தேன் என்பது உனக்குத் தோன்றியிருக்காது. வரப்போகும் உன் புத்தகத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். தமிழில் இலக்கிய விமர்சனம் வளர்ந்த கதையை நீ நன்றாகத்தான் சொன்னாய், குறை சொல்ல மாட்டேன். இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, அந்தக் காலத்து மாதர் சஞ்சிகைகளில் பெண்கள் விமர்சனம் எழுதவில்லையா என்று கேட்டாள். நீ சிரித்தாய். "அதுகளில விமர்சனம் எண்டு ஒண்டும் இருக்கேல்லை. கேக் செய்யிறது, லேஸ் பின்னுறது, பிள்ளைக்குப் பால் குடுக்கிறது, இடையில நாவல் வாசிச்சுக் கெட்டுப்போகாதேங்கோ எண்டு ஒரு புத்திமதி" என்றாய். மண்டபம் முழுக்கச் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். கேட்ட பிள்ளை வெட்கப்பட்டு இருந்துவிட்டாள். நான் அடுத்த கோப்பைக்குச் சீனி போட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை உனக்குத் தனியாகச் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் சொன்னால் "பேந்து கதைப்பம் அம்மா" என்பாய். உன்னுடைய அந்தப் "பேந்து" எப்போதைய பிறகு என்று எனக்கு நன்றாகத் தெரியும், அது ஒருநாளும் வந்ததில்லை. ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னதற்கு ஊர் கேட்கவே பதில் சொல்வதுதான் நியாயம். அதனால் நம் கடைகளில் மரக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கும் பத்திரிகைக்கே இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. உன் புத்தகம் இந்த மாத முடிவில் சென்னைக்கு அச்சுக்குப் போகிறது. நீ மண்டபத்தில் சொன்ன அதே வசனம் அதன் நான்காம் அத்தியாயத்தில் படித்த தமிழில் இருக்கிறது. மாதர் சஞ்சிகைகளில் இலக்கிய விமர்சனம் இருக்கவில்லை என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதியிருக்கிறாய். அது பொய். அந்த வசனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் மாமியின் பெயரை எழுது.

பெயர் பிலோமினா சந்தியாப்பிள்ளை. என் தகப்பனின் மூத்த சகோதரி. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், கடைசிவரை மணம் முடிக்கவில்லை. முதலாம் யுத்தம் முடிந்து சில வருஷங்களில் தொடங்கி, இரண்டாம் யுத்தத்தின் கடதாசித் தட்டுப்பாட்டோடு நின்றுபோன ஒரு மாதர் சஞ்சிகை அவருக்கு இந்தியாவிலிருந்து மாதாமாதம் கப்பலில் வரும். அதோடு சணல் கயிற்றால் கட்டிய ஒரு பொதியும் வரும். உள்ளே புதிதாக வந்த நாவல்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். மாமி ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிப்பாராம். முதல் தரம் சும்மா வாசிப்பார், இரண்டாம் தரம் பென்சிலோடு. வாசித்ததை எழுதி அனுப்புவார், அடுத்த இதழுக்கு அடுத்ததில் வரும். கீழே பெயர் இராது. "ஒரு சகோதரி" என்று இருக்கும். மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒரு குமர்ப்பிள்ளை ஆண்கள் எழுதிய நாவல்களில் குற்றம் கண்டுபிடித்துத் தன் பெயரையும் போடுவது அழகில்லை என்று ஆசிரியர் எழுதினாராம். அந்த ஆசிரியரும் ஆண்தான். சஞ்சிகைதான் மாதருடையது.

மாமி எப்படி எழுதினார் தெரியுமா? அந்தக் காலத்து நாவல்களில் கதாநாயகி எந்நேரமும் சன்னல் ஓரத்தில் நின்று பெருமூச்சு விடுவாள். அந்த வீட்டில் உலை வைத்தது யார் என்று மாமி கேட்பார். ஐந்து பேர் மூன்று வேளையும் சாப்பிடும் வீட்டில் இவளுக்குப் பெருமூச்சு விட நேரம் எங்கிருந்து கிடைத்தது, அந்த வேலையைச் செய்தவளின் பெயரைக்கூட ஆசிரியர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். பாவம் செய்த பெண்ணைக் கடைசி அதிகாரத்தில் கிணற்றில் தள்ளிவிடும் நாவலாசிரியர்களின் மேல் அவருக்குத் தனிக் கோபம். நீதி சொல்ல வந்தவர் இல்லை, கதையை முடிக்கத் தெரியாதவர் என்று எழுதினார். நீ உன் இரண்டாம் அத்தியாயத்தில் "சமூக நோக்கு", "வடிவப் பிரக்ஞை" என்று பெரிய பெரிய சொல்லாகப் போட்டு நாலு ஆண்களைப் புகழ்ந்திருக்கிறாயே, அவர்கள் சொன்னதில் எது இதைவிடப் பெரிது என்று எனக்கு விளங்கவில்லை. நான் டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி ஓய்வுபெற்றவள், எனக்கு எல்லாம் விளங்காதுதான். ஆனால் நீ வாசிக்கத் தந்த கைப்பிரதியை இரண்டு தரம் வாசித்தேன்.

வசந்தத்தில் நீ வீட்டுக்கு வந்து குசினி மேசையில் உன் மைக்ரோஃபிலிம் பிரதிகளைப் பரப்பியபோதே இதெல்லாம் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அம்மா, நீங்கள் சொல்லுறது மதிப்புரை இல்லை. வாசகர் கடிதம். அபிப்பிராயம்" என்றாய்.

"மாமிக்குப் புத்தகம் அனுப்பி எழுதச் சொல்லிக் கேட்டவை. வாசகருக்கு ஆர் பொதி கட்டி அனுப்புறது?"

"சரி. இதழ் ஒண்டாவது இருக்கா? ஒரு நூலகத்திலயும் இல்லையே."

"நான் சொல்லுறன்தானே."

"நீங்கள் சொல்லுறது ஆதாரம் இல்லை அம்மா. கோவிக்காதேங்கோ. ஆராய்ச்சி எண்டால் அப்பிடித்தான்."

நான் கோபிக்கவில்லை, அப்போது. ஆராய்ச்சிக்கு ஒரு சட்டம் இருக்கிறது, என் பிள்ளை அதற்குக் கட்டுப்படுகிறான் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். பெருமைகூடப் பட்டேன், முட்டாள் நான். கோபம் வந்தது கைப்பிரதியை வாசித்த பிறகுதான். ஒரு பிரதிகூடக் கையில் கிடைக்காத ஒரு சஞ்சிகையைப் பற்றி இரண்டாம் அத்தியாயத்தில் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதை நடத்தியவர் கிழவராகிய பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில், நான் இப்படி ஒரு பத்திரிகை நடத்தினேன், அதில் காரசாரமாக விமர்சனம் எழுதினேன் என்று சொல்லியிருக்கிறாராம். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு "தமிழ் விமர்சனத்தின் இழந்துபோன அத்தியாயம்" என்று உருகியிருக்கிறாய். அவருடைய ஞாபகம் உனக்கு ஆதாரம். என்னுடைய ஞாபகம் அம்மாவின் கதை. அவருடைய இதழ் கிடைக்காவிட்டால் இழந்துபோனது. மாமியின் இதழ் கிடைக்காவிட்டால் இருக்கவே இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சட்டத்தைப் படித்தாய் மகன்? அதை உனக்குப் படிப்பித்தவருக்கும் ஒரு கடிதம் எழுதலாம் என்று பார்க்கிறேன், எனக்கு இந்த ஊர்ப் பிரெஞ்சில் எழுதத் தெரியாததால் தப்பினார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இதை நான் உன்னிடமிருந்து மறைத்தேன், அதுதான் நீ இவ்வளவு துணிவாகப் பேசியதற்கும் காரணம். அந்தச் சஞ்சிகைகள் என்னிடம் இருந்தன. எனக்குக் கலியாணம் முடிந்த கிழமை மாமி ஒரு தகரப்பெட்டி கொண்டுவந்து தந்தார். உள்ளே வருஷ வாரியாகக் கட்டி வைத்த இதழ்கள். "கவனமா வைச்சிரு பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நான் கவனமாகத்தான் வைத்திருந்தேன், எனக்குத் தெரிந்த கவனம். அந்த நாளில் புதுப்பெண்கள் எல்லோரும் செய்தது போல ஒரு பெரிய கொப்பி வாங்கி, சமையல் குறிப்புகளையும் பூத்தையல் மாதிரிகளையும் ஓரம் பிசகாமல் வெட்டி, கோதுமைமாப் பசை காய்ச்சி ஒட்டினேன். கரையோரம் சிவப்பு மையால் கோடு அடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துவிட்டு இரவல் கேட்டார்கள். வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய தாள்களைக் கடலைக்காரி வந்து பொட்டலமாகச் சரை சுற்றுவதற்கு வாங்கிக்கொண்டு போனாள். வாசிக்கவில்லையா என்று கேட்காதே. வாசித்தேன், சிரித்தேன், திருப்பிப் போட்டு வெட்டினேன். கேக் குறிப்பை நாளைக்கும் பார்ப்போம், விமர்சனத்தை வாசித்தாயிற்று என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சின்னப் பிள்ளை என்று சொல்லித் தப்பவும் முடியாது.

உன் ஞானஸ்நானத்துக்கு மாமி வந்தார். நான் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், அவர் குசினியில் தனியாக இருந்தார். திரும்பி வந்தபோது அந்தக் கொப்பி அவர் மடியில் திறந்திருந்தது. ரிச் கேக் குறிப்பு ஒட்டிய தாளைத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பசை தடிப்பு, ஒன்றும் தெரியாது. என்னைக் கண்டதும் தாளை மெல்ல விட்டார். மாமி, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்தான் பேசினார். "கேக் நல்லா வந்துதோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் மாமி, நல்லா வந்தது" என்றேன். அடுத்த வருஷம் செத்துப்போனார். அந்த "ஓம் மாமி"யை நினைக்கும்போதெல்லாம் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கும்.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது கலியாணப் படத்தை விட்டுவிட்டு வந்தேன், அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தேன். நீ ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சாப்பிடும் கேக் அதிலிருந்து செய்ததுதான். இந்த ஊருக்கு வந்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் இருந்த முதல் வீட்டில் அடுப்பு ஒரு பக்கம் கருக்கும், மற்றப் பக்கம் வேகாது, அப்போதும் விடாமல் செய்தேன். உன் வகுப்பு நண்பர்கள் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தக் குறிப்பின் கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. "மிஸ் பிலோமினா சந்தியாப்பிள்ளை, யாழ்ப்பாணம்" என்று முழுப்பெயரும் ஊரும் இருக்கிறது. கேக் செய்யச் சொல்லிக்கொடுப்பதற்கு அவருக்குப் பெயர் போட்டார்கள். நாவலைப் பற்றிச் சொல்வதற்குப் போடவில்லை. அதே இதழில், அதே மாதத்தில்.

நீ மண்டபத்தில் பேசிய அடுத்த நாள், திங்கள் காலை, கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் கொப்பியைப் பிடிக்கச் சொன்னேன். அவர் முதலில், "நேற்றுச் சிரிச்சதுக்கு எனக்குத் தண்டனையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஆவியில் காட்டிக் காட்டி, வெண்ணெய்க் கத்தியால் நோண்டி, மத்தியானம் வரை ஏழு துண்டுகள் கழற்றினோம். இரண்டு கிழிந்துபோயின. மீதி ஐந்திலும் பின்பக்கம் மாமி இருக்கிறார். நான் கேக்கின் அளவுக்கு வெட்டியபடியால் வசனங்கள் பாதியில் நிற்கின்றன. இருந்தாலும் போதும். ஒன்றில் இப்படி இருக்கிறது: "கதாநாயகி மூன்றாம் அதிகாரத்திலேயே கிணற்றைப் பார்த்துவிட்டாள். நமக்கும் முடிவு தெரிந்துவிட்டது. மீதி இருநூறு பக்கத்துக்கும் தெரியாமல் இருப்பவர் ஆசிரியர் ஒருவரே." உன் அப்பா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிச் கேக்கின் பின்பக்கம்தான் முக்கியமானது. அங்கே அச்சு வரிகளின் ஓரத்தில் மாமி நீல மையால் எழுதியிருக்கிறார். ஆசிரியர் வெட்டிய இரண்டு வரிகளைத் தன் பிரதியில் திரும்ப எழுதி வைத்திருக்கிறார். வெளிச்சத்துக்குப் பிடித்து அன்றைக்கு அவர் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவருடைய எழுத்து உனக்குத் தெரியும். உன் ஞானஸ்நானத்துக்கு அவர் தந்த செபப்புத்தகத்தின் முதல் தாளில் இருக்கிறது, அந்தப் புத்தகம் உன் அலுமாரியில்தான் இருக்கிறது. இதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமென்றால் செத்தவரை எழுப்பித்தான் கொண்டுவர வேண்டும்.

நீ செவ்வாய்க்கிழமை வந்தாய். நான் துண்டுகளைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வரிசையாக வைத்திருந்தேன். நின்றபடியே பார்த்தாய்.

"நல்ல சுவாரசியமாக் கிடக்கு. ஆனா அரைகுறைத் துண்டுகளை வைச்சு அத்தியாயத்தை மாத்தேலாது அம்மா. அச்சகம் பார்த்துக்கொண்டு நிக்குது" என்றாய்.

"ஒரு துண்டும் இல்லாத மனுசனுக்குப் பதினொரு பக்கம் குடுத்தனி."

"அது வேற. அவர் ஒரு முக்கியமான ஆள்."

"முக்கியமான ஆள் எண்டு ஆர் சொன்னது?"

அவரை முக்கியம் என்று சொன்னவர்கள் எல்லோரும் உன்னைப் போலப் புத்தகம் எழுதியவர்கள், உன்னைப் போலவே ஒருவர் சொன்னதை ஒருவர் பார்த்து எழுதியவர்கள். "மெர்சி அம்மா, அடுத்த பதிப்பில பாப்பம்" என்று சொல்லி என் தோளில் தட்டினாய். கார் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு போனாய். நான் வீட்டில் வளர்த்த பிள்ளை எனக்குப் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொன்னது, வேலையிடத்தில் என்னைக் கதவுக்கு வெளியே அனுப்பும் மேலாளர் சொன்னது போல இருந்தது. அதுவும் எனக்கு வலித்தது என்று எழுதி வைக்கிறேன்.

வருகிற செப்டெம்பரில் நீ வேறு நகரத்துக்குப் படிப்பிக்கப் போகிறாய். உன் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண் பிள்ளைகளாக இருப்பார்கள் என்று நீயே சொன்னாய். அவர்களில் ஒருத்தி எழும்பிக் கேள்வி கேட்பாள், அன்றைக்கு மண்டபத்தில் கேட்டவளைப் போல. நீ புத்தகத்தைக் காட்டி இல்லை என்று சொல்வாய், அவள் உன்னை நம்பி எழுதிக்கொள்வாள், அதற்குப் பிறகு தேடமாட்டாள். இருந்ததை வெட்டியவள் நான். அதற்கு எனக்கு மன்னிப்புக் கிடைக்காது, கேட்க வேண்டியவரும் போய்விட்டார். ஆனால் நான் அதன் பெறுமதி தெரியாமல் வெட்டினேன். நீ ஐந்து துண்டையும் கண்ணால் பார்த்த பிறகு வெட்டுகிறாய். உனக்குக் கிடைக்காத ஒன்றைக் கிடைக்கவில்லை என்று எழுதுவதில் என்ன குறைந்துபோகும்? நான் உனக்குப் பாணும் பட்டரும் தந்து வளர்த்தேன், பொய் சொல்லாதே என்று சொல்லித்தான் வளர்த்தேன். அறிவாளி சொன்னால் பொய் ஆராய்ச்சி ஆகிவிடும் என்று நான் சொல்லித்தரவில்லை.

கடைசியாக ஒன்று. உன் புத்தகத்துக்கு நான் ஒரு மதிப்புரை எழுதியிருக்கிறேன். இரண்டு தரம் வாசித்தேன் என்றேனே, இரண்டாம் தரம் பென்சிலோடு. முதல் மூன்று அத்தியாயங்களும் நன்றாக இருக்கின்றன என்று மனதாரச் சொல்லியிருக்கிறேன், உன் நடை தெளிவானது என்றும் சொல்லியிருக்கிறேன். நான்காம் அத்தியாயத்தை எழுதியவருக்குத் தனக்குத் தெரியாதது எது என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். மாமியின் ஐந்து துண்டுகளையும் முழுப்பெயரோடு கீழே சேர்த்திருக்கிறேன். புத்தகம் வெளிவரும் கிழமையில் அது இதே பத்திரிகையில் வரும். நீ அந்த வசனத்தை மாற்றினால் நானும் என் கடைசிப் பந்தியை மாற்றுவேன். மாற்றாவிட்டால் ஒரு எழுத்தும் மாறாது.

உன் அப்பா வாசித்துவிட்டு, "பெத்த பிள்ளையைப் பற்றி இப்பிடி எழுதலாமோ? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார். மாமி எழுதினதெல்லாம் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகளைப் பற்றித்தானே என்றேன். பத்திரிகைக்காரத் தம்பி தொலைபேசியில் எடுத்து, "அன்ரி, கடிதத்துக்கு அம்மா எண்டு போட்டால் வடிவு. மதிப்புரைக்கும் அப்பிடியே போடுவமா?" என்று கேட்டான். கடிதத்துக்குப் போடு, அது அம்மாவின் கோபம் என்றேன். மதிப்புரைக்கு என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவனைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அறுபத்தொன்பது வயதில் முதல் தடவையாக என் பெயர் அச்சில் வரப்போகிறது, மகன். அது உனக்கு எதிராக வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை.

அம்மா